அள்ளிக்கொண்டு போன ஊர்

தலைமை தாங்கும் ஐயா அவர்களே, நாற்காலிகளைத் தம் செலவில் வரவழைத்த வணிகர் சங்கச் செயலாளர் அவர்களே, "இந்த முறையாவது மணலை விட்டுவிட்டு வேறு பேசுங்கள்" என்று என்னிடம் கேட்டுக்கொண்ட நூலகர் அம்மா அவர்களே, மழைக்கும் அஞ்சாமல் வந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

அம்மாவின் சொல்லைத் தட்டவில்லை. இன்று மணலைப் பற்றிப் பேசப் போவதில்லை, கூழாங்கல்லைப் பற்றித்தான். இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் மாவட்டத்தில், ஸ்டார்ட் வளைகுடாவின் கரையில் இருந்த ஹால்சாண்ட்ஸ் என்ற மீனவக் கிராமத்தின் கதை. அது பிழைத்த விதம், அழிந்த விதம், அதில் சட்டம் செய்த வேலை என்று மூன்றையும் சொல்வேன்.

1891 கணக்குப்படி 37 வீடுகள், 159 பேர். பின்னால் குன்று, முன்னால் கடல், நடுவே பாறைத் திட்டில் ஒற்றைத் தெரு. நண்டு பிடிப்பதுதான் முக்கியத் தொழில்.

அந்த ஊர் நாய்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நியூஃபவுண்ட்லாந்து இனம், கன்றுக்குட்டி அளவு இருக்கும். அலை முரட்டுத்தனமாக அடிக்கும் நாளில் படகு கரையை நெருங்க முடியாது. உடனே நாயை அனுப்புவார்கள். அது அலைக்குள் பாய்ந்து, நீந்திப் போய், படகிலிருந்து வீசிய கயிற்றைக் கவ்விக்கொண்டு திரும்பும். ஊரே சேர்ந்து படகை இழுத்துக் கரையேற்றும். எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. தூறல் விழுந்தாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். பால்காரர் வந்தால் மட்டும் வீரம் வரும். அன்றைக்கு என் செருப்பைக் கவ்விக்கொண்டு போனது, இன்னும் திரும்பவில்லை. செருப்பைச் சொன்னேன், நாய் திரும்பிவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிளிமத் பக்கம் கீயமில் கடற்படைத் துறைமுகத்தை விரிவாக்கினார்கள். கான்கிரீட்டுக்குக் கல் வேண்டும். ஒப்பந்தக்காரர் சர் ஜான் ஜாக்சனுக்கு உரிமம் கிடைத்தது. 1897இல் ஹால்சாண்ட்ஸ் கரையோரக் கடலடியிலிருந்து கூழாங்கல்லை அள்ளத் தொடங்கினார்கள். மொத்தம் சுமார் 6,50,000 டன். மீனவர்கள் கூச்சலிட்டதும் ஆண்டுக்கு 125 பவுன் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். 159 பேருக்குப் பிரித்துப் பாருங்கள், தலைக்கு ஒரு பவுன்கூடத் தேறாது.

அள்ளினால் கடலே மறுபடி கொண்டுவந்து நிரப்பும் என்று நம்பினார்கள். ஆனால் அந்தக் கற்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வந்து சேர்ந்தவை. புதிதாக வரத்து இல்லை. குந்தித் தின்றால் குன்றும் மாளும். எங்கள் ஆத்தா சொன்னதைப் பொறியாளர்கள் கேட்டிருக்கவில்லை. கரை பல அடி இறங்கியது. 1902இல் உரிமத்தை ரத்து செய்தார்கள். போன கல் போனதுதான்.

1917 ஜனவரி 26. கிழக்குப் புயலும், கடல்மட்டம் மிக உயரும் பெரிய ஓதமும் சேர்ந்து வந்தன. அலையைத் தாங்க முன்னால் கரை இல்லை. வீடுகள் நொறுங்கின. உயிர்ச்சேதம் இல்லை என்பது பெரிய ஆறுதல். அந்த ஆண்டு முடிவதற்குள் குடியிருக்கத் தகுந்த வீடு ஒன்றே ஒன்றுதான். எலிசபெத் பிரெட்டிஜான் என்ற அம்மாள் அங்கிருந்து நகர மறுத்து, 1964இல் இறக்கும்வரை தனியாக இருந்தார்.

இப்போது நூலகர் அம்மா மன்னிக்க வேண்டும். நம் ஆற்றில் என் சிறுவயதில் கையால் தோண்டினாலே ஊற்று சுரக்கும். இன்று லாரி இறங்கிய பள்ளம் கிணறு ஆழம். வெள்ளம் வந்தால் மணல் வந்துவிடும் என்கிறார்கள், அதே பேச்சுதான். மேலே அணையில் மணல் தங்கிவிட்டால் கீழே எதை வைத்து நிரம்பும்? குந்தித் தின்றால் குன்றும் மாளும். ஆற்றங்கரைக் கோயில் சுவரில் விரிசல் விட்டிருப்பதைப் பார்த்தீர்களா?

செயலாளர் மணியைக் காட்டுகிறார். சட்டத்தைப் பற்றி இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம். வாசலில் மனு வைத்திருக்கிறேன், ஆட்சியருக்கு. பேனாவை நூலில் கட்டியிருக்கிறேன், யாரும் எடுத்துப் போய்விட வேண்டாம். டீ கையெழுத்துக்குப் பிறகுதான்.