பாறையைக் காப்பாற்றுங்கள், மணலை விட்டுவிடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். சிங்கப்பூரில் ஐந்தறை வீட்டிலிருந்து மூவறை வீட்டுக்கு மாறும்போது சோபாவை யாருக்காவது கொடுத்துவிடலாம். வரவேற்பறையில் இருக்கிற நான்கடிப் பவளத் தொட்டியை என்ன செய்வது? உள்ளே இருப்பவை உயிர்கள். அவற்றை இரண்டடித் தொட்டிக்குப் பத்திரமாக மாற்றுவதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் நான்கடித் தொட்டியில் ஏறக்குறைய 240 லிட்டர் பிடிக்கும். இரண்டடியில் 120. கல்லும் மணலும் போக, தண்ணீர் 100 லிட்டர்தான் நிற்கும். அதே மீன், அதே தீனி, பாதித் தண்ணீர். அதனால் நீல டாங் மாதிரி நீந்தித் திரிகிற பெரிய மீன்களுக்கு முன்கூட்டியே வேறு வீடு பார்த்துவிடுங்கள். ஒரு ஜோடி கோமாளி மீன், கோபி என்கிற சின்ன மீன் ஒன்று போதும்.

பலரும் பழைய தண்ணீரைத்தான் பொக்கிஷமாக நினைத்து வாளி வாளியாகச் சேர்த்து வைக்கிறார்கள். மீன் கழிவிலிருந்து வருகிற விஷம் அம்மோனியா. அதைத் தின்கிற நல்ல பாக்டீரியா தண்ணீரில் மிகக் குறைவு. அந்தப் பாக்டீரியா பாறையின் மேலும் துளைகளுக்குள்ளும் ஒட்டி வாழ்கிறது. ஆகவே காப்பாற்ற வேண்டியது பாறையை. பாறை கடல்நீரில் மூழ்கியே இருக்கட்டும். மூடி போட்ட வாளியில் மணிக்கணக்காக விடாதீர்கள், ஆக்சிஜன் தீர்ந்துவிடும். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றை வாளிக்குள் போடுங்கள்.

தண்ணீர் பாதி பழையது, பாதி புதியது. 50 லிட்டருக்கு ஏறக்குறைய 1.8 கிலோ கடல் உப்புக் கலவை பிடிக்கும். முந்தின நாளே கலந்து, 24 மணி நேரம் பம்பு ஓட்டி, உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் 35, அதாவது ஆயிரத்துக்கு 35 பங்கு, காட்டுகிறதா என்று பாருங்கள். நம் குழாய் நீரில் குளோரமின் உண்டு. இரவு முழுக்கத் திறந்து வைத்தாலும் அது போகாது. கரி வடிகட்டியோடு கூடிய ஆர்ஓ நீர்தான் நல்லது.

இப்போது மணல். இதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தொட்டி மாற்றத்தில் உயிர்கள் சாவது பெரும்பாலும் இங்கேதான். இரண்டு மூன்று வருஷம் கிடந்த மணலின் அடியில் மீன் கழிவும் மிஞ்சிய தீனியும் மக்கிக் கிடக்கும். கண்ணாடி ஓரமாகப் பார்த்தால் சில இடத்தில் கறுப்பாகக்கூடத் தெரியும். அங்கே காற்று புகாது. கிளறினால் அழுகிய முட்டை வாடை வரும், அது ஹைட்ரஜன் சல்பைடு. கிளறாதவரை தொந்தரவு இல்லை. அள்ளிப் புதுத் தொட்டியில் கொட்டினால் வருஷக்கணக்கில் சேர்ந்த அழுக்கு ஒரே மணி நேரத்தில் 100 லிட்டரில் கலந்துவிடும். தண்ணீர் தேநீர் நிறமாகும். மறுநாள் காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். நன்னீரைவிடக் கடல்நீரில் பிஎச் அதிகம், அதனால் அம்மோனியாவின் விஷமும் இங்கே கூடுதல்.

ஆகவே புது மணல் வாங்குங்கள். நன்றாக அலசி, இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் பரப்புங்கள். பழைய மணலின் மேல்பரப்பிலிருந்து ஒரு கிண்ணம் எடுத்துத் தூவினால் போதும். ஒரு கிண்ணம், மேல்பரப்பிலிருந்து. மறுபடியும் சொல்கிறேன், பழைய மணலை அப்படியே கொண்டுபோகாதீர்கள்.

மாற்றும் நாளில் மின்சாரத்தை முதலில் நிறுத்துங்கள். தெளிவாக இருக்கும்போதே பழைய தண்ணீரை மேலிருந்து உறிஞ்சி எடுத்து வையுங்கள். அடுத்து பவளம், பிறகு பாறை, கடைசியில் மீன். பாறை போய், தண்ணீர் ஒரு சாண் ஆனபின் மீன் சுலபமாகக் கைக்கு வரும். ஹாம்மர், டார்ச் போன்ற பவளங்களை எலும்புப் பகுதியைப் பிடித்து லேசாக அசைத்தால் உள்ளே சுருங்கிக்கொள்ளும். பிறகு தூக்குங்கள். விரிந்த நிலையில் தூக்கினால் சதை கிழியும். சோயாந்திட் என்கிற, பவளம் மாதிரியான உயிர் இருக்கிற பாறை என்றால் கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கொடிய விஷம் உண்டு. சுத்தம் செய்ய வெந்நீர் ஊற்றவே கூடாது. அந்த ஆவியை மூச்சில் இழுத்து மருத்துவமனைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

புதுத் தொட்டியில் மணல், பாறை, தண்ணீர், அப்புறம் உயிர்கள். மணல்மேல் ஒரு தட்டை வைத்து அதன்மேல் ஊற்றினால் கலங்காது. முதல் இரண்டு நாள் தீனி வேண்டாம். ஒரு வாரம் தினமும் அம்மோனியா இருக்கிறதா என்று சோதித்துப் பாருங்கள். கொஞ்சம் தெரிந்தாலும் கால்பங்கு தண்ணீரை மாற்றுங்கள்.

நேரம் நெருங்கிவிட்டது, இரண்டே விஷயம். நம் வெயிலுக்கு மின்விசிறி வைத்தால் நாளைக்கு இரண்டு லிட்டர்கூட ஆவியாகும். நாலு நாள் மறந்தால் 35-இல் இருந்த உப்பு 38-ஐத் தொடும். ஈடுகட்ட ஊற்றுவது நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் அல்ல. இன்னொன்று விளக்கு. பழைய விளக்கு சின்னத் தொட்டிக்கு அதிகம். பாதி ஒளியில் தொடங்கி மூன்று வாரத்தில் மெல்லக் கூட்டுங்கள். பவளம் வெளுத்தால் ஒளியைக் குறைத்து, அதைக் கீழே இறக்கி வையுங்கள். வணக்கம்.