மல்லிகைக்கு ஆலிவ் என்ன உறவு?

நேயர்களுக்கு வணக்கம். கைவசம் முல்லைப் பூ இருந்தால் அதன் குழலை நகத்தால் கீறிப் பாருங்கள். மகரந்தத் தாள்கள் இரண்டே இரண்டு இருக்கும். பவளமல்லியிலும் இரண்டு, ஆலிவ் பூவிலும் இரண்டுதான். மூன்றும் ஒரே குடும்பம் என்பதற்கு இது ஓர் அடையாளம். (அடுக்குமல்லியில் தேடாதீர்கள், அங்கே இதழ்க் கூட்டம்தான்.)

ஆலிவ் எண்ணெயைப் பற்றி விளம்பரங்களே போதுமான அளவு பேசிவிட்டன. எனக்கு நம் மல்லிகைதான் ஆச்சரியம். குழந்தையைப் பறிகொடுத்த தாய்க்குப் பால் கட்டிக்கொண்டால், மார்பில் மல்லிகைச் சரத்தை வைத்துக் கட்டுவது பழைய கைவைத்தியம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இதைப் பால் சுரப்பை நிறுத்தும் புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்து, 1988இல் முடிவை வெளியிட்டார்கள். பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் இரண்டு முறையிலும் குறைந்தது. மாத்திரையில் இன்னும் அதிகமாகக் குறைந்தது. ஆனால் மார்பில் பால் கட்டுதல், பால் சுரப்பு, வலி மாத்திரையின் தேவை ஆகியவற்றில் பூ எந்த விதத்திலும் பின்தங்கவில்லை. மாத்திரை எடுத்த சிலருக்குத்தான் மறுபடி பால் ஊறியது. பின்னாளில் அமெரிக்காவில் பாலை நிறுத்த அந்த மாத்திரையைத் தருவதையே கைவிட்டார்கள். ஒன்று, பால் கொடுக்கும் தாய்மார்கள் பூவை மார்பில் வைத்துக் கட்டிவிடக் கூடாது.

பிச்சிப்பூவை விட்டுவிட முடியாது. அதன் இலையை மென்று அடக்கிக்கொள்வது வாய்ப்புண்ணுக்கு வழக்கம். ஆறாத புண்ணுக்குப் போடும் ஜாத்யாதி தைலத்திலும் அந்த இலைதான் சேர்கிறது.

கடல் தாண்டியும் ஓர் உறவினர் உண்டு. இத்தாலியின் சிசிலித் தீவில் ஆஷ் மரப்பட்டையைக் கீறிவிட்டால், வடியும் சாறு வெயிலில் இறுகி இனிப்புக் கட்டியாகிவிடும். மன்னா என்பார்கள், இதமான பேதி மருந்து. மானிட்டால் என்ற இனிப்புப் பொருளை முதலில் பிரித்தெடுத்தது அதிலிருந்துதான். தலையில் அடிபட்டு மூளை வீங்கியவருக்கு இன்று நரம்பில் ஏற்றுகிறார்களே, அதே மானிட்டால். இப்போது ஆலையில் தயாரிக்கிறார்கள், அது வேறு விஷயம்.

சரி, பவளமல்லிக்கு வருவோம். இலை உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக இருக்கும். இடுப்பிலிருந்து கால்வரை இழுக்கும் வலிக்கும் காய்ச்சலுக்கும் அந்த இலையைக் கஷாயம் வைத்துக் குடிப்பார்கள். கசப்பென்றால் அப்படியொரு கசப்பு. ஆனால் காய்ச்சல் இரண்டு நாளில் இறங்காவிட்டால் டெங்குவா என்று முதலில் ரத்தத்தைச் சோதித்துவிடுங்கள். கஷாயத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வணக்கம்.