14 நொடிக்கு ஒரு லாரி

(நாமக்கல்லில் லாரித் தொழில் நண்பர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது)

பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

முதலில் எனக்காக ஒரு வேலை செய்யுங்கள். மனசுக்குள் 14 வரை எண்ணுங்கள். எண்ணியாயிற்றா? இந்த மண்டப வாசலை ஒரு லாரி கடந்துவிட்டது. மறுபடி எண்ணி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். ராத்திரியும் இப்படித்தான், விடிந்தாலும் இப்படித்தான். முதல் உலகப் போர் நடந்த 1916இல் பிரான்சில் ஒரு கிராமத்துச் சாலையில் சராசரியாக இந்தக் கணக்கில் லாரி ஓடியது. நெருக்கடியான நாட்களில் 5 நொடிக்கு ஒன்று.

பார்-லெ-துக் என்ற ஊரிலிருந்து வெர்டன் கோட்டைக்குப் போகிற சாலை அது. இன்றைக்குக் காரில் போனால் ஒரு மணி நேர வழி. இருபுறமும் வயல், நடுநடுவே சின்னச் சின்ன கிராமங்கள். 1916 பிப்ரவரி 21 அன்று ஜெர்மன் படை வெர்டன்மீது பீரங்கித் தாக்குதலைத் தொடங்கியது. உள்ளே இருக்கிற பிரெஞ்சுப் படைக்குச் சாப்பாடு போக வேண்டும், குண்டு போக வேண்டும். ரயிலில் அனுப்பலாமே என்பீர்கள். வெர்டனுக்கு இருந்த பெரிய ரயில் பாதை இரண்டு. ஒன்று, 1914இல் சேன்-மியேல் ஊரை ஜெர்மானியர் பிடித்தபோதே அறுந்துபோனது. இன்னொன்று அவர்களுடைய பீரங்கிக்கு எட்டும் தூரத்தில் கிடந்தது. மிச்சம் ஒரு மீட்டர் கேஜ் குட்டி ரயிலும் இந்த ரோடும்தான். நல்லவேளையாக, முந்தின வருஷமே ரோட்டை 7 மீட்டருக்கு அகலப்படுத்தியிருந்தார்கள்.

சுமார் 3,500 லாரிகள். வாரத்துக்கு 90,000 ஆட்கள், 50,000 டன் வெடிபொருள். லாரி என்றதும் நம் பன்னிரண்டு சக்கர வண்டியை நினைத்துக்கொள்ளாதீர்கள். காற்றடிக்காத கெட்டி ரப்பர் டயர். ரோட்டில் இருக்கிற ஒவ்வொரு கல்லும் டிரைவர் முதுகுத்தண்டில் வந்து இடிக்கும்.

இத்தனை வண்டியும் முட்டிக்கொள்ளாமல் ஓடியதற்குக் காரணம் சில கறாரான விதிகள். துமென்க் என்ற அதிகாரி பொறுப்பிலிருந்த மோட்டார் பிரிவு அவற்றை வகுத்தது. ரோடு மோட்டார் வண்டிக்கு மட்டும். குதிரை வண்டிக்கு இடமில்லை. நடந்து போகிற சிப்பாயும் வயலில் இறங்கித்தான் போக வேண்டும். ஓவர்டேக் கிடையாது. பிரேக் டவுனா? பின்னால் வருகிறவர்கள் இறங்கி, வண்டியைப் பக்கத்துப் பள்ளத்தில் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். நம்மூரில் வண்டி நின்றால் நாலு கல்லை வைத்து, கிளையை ஒடித்துச் செருகி, மெக்கானிக் வரும்வரை நடு ரோட்டிலேயே நிறுத்தி வைக்கிறோமே, அந்தக் கதையெல்லாம் அங்கே நடக்காது.

சரி, வண்டி ஓடியது. ரோடு தாங்க வேண்டாமா? பிப்ரவரி கடைசியில் பனி உருகியது. இறுகிக் கிடந்த தரை களிமண்ணாகக் குழைந்து, சக்கரம் அச்சுவரை இறங்கியது. என்னைக் கேட்டால் வெர்டன் அன்றைக்கே விழுந்திருக்க வேண்டியது. விழவிடாமல் பிடித்தவர்கள் நாற்பது வயதை ஒட்டியவர்கள். போர்முனைக்கு வயதாகிவிட்டது என்று பின்வேலைக்கு ஒதுக்கப்பட்ட ரிசர்வ் ஆட்கள். பக்கத்திலேயே குவாரி தோண்டிக் கல்லை உடைத்தார்கள். ரோட்டோரமாக வரிசையாக நின்று, ஒரு லாரி போனதும் குழியில் ஒரு மண்வெட்டி ஜல்லியைத் தட்டுவது, அடுத்த லாரி வருவதற்குள் காலைப் பின்னுக்கு இழுப்பது. போட்ட ஜல்லியை அந்த லாரியே மிதித்து அழுத்திவிடும். ரோடு ரோலர் கொண்டுவந்து நிறுத்த நேரமேது? அங்கே கிடைத்தது மெத்தென்ற சுண்ணாம்புக்கல். சீக்கிரமே மாவாகிவிடும். மறுபடி மண்வெட்டி. இப்படி மாதக்கணக்கில். நீங்கள் எண்ணிய 14 நொடி அவர்களுடையது.

அடுத்தது உங்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம், ரிட்டர்ன் லோடு. வெர்டன் பொறுப்பை ஏற்ற தளபதி பெத்தேன் ஒரே படையை முனையில் கிடத்தவில்லை. சில நாள் நின்றதும் இறக்கிவிட்டுப் புதுப் படையை ஏற்றினார். இந்த முறைக்கு பிரெஞ்சில் ‘நோரியா’ என்று பெயர். நீர் இறைக்கும் சக்கரம். ஒரு பக்கம் கலயம் நிறைந்து வரும், மறுபக்கம் காலியாக இறங்கும். பிரெஞ்சுக் காலாட்படையின் பெரும்பகுதி இந்த ஒரு ரோட்டில் போய் வந்தது அதனால்தான். பெத்தேன் தங்கியிருந்தது சுயி என்ற கிராமத்து நகர்மன்றக் கட்டடத்தில். ரோடு அதன் வாசலிலேயே போகிறது. படிக்கட்டில் நின்று, இருபது வயதுப் பையன்கள் போவதையும், மிஞ்சியவர்கள் வெறித்த கண்ணோடு திரும்புவதையும் பார்த்ததைப் பின்னாளில் எழுதினார். அதே மனிதர்தான் 1940இல் ஹிட்லரோடு கைகுலுக்கியவர். அந்தப் படிக்கட்டை நினைக்கும்போது அதையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது.

பெயருக்கு வருகிறேன். ‘வுவா சாக்ரே’, அதாவது புனிதப் பாதை. 1916 ஏப்ரலில் மோரிஸ் பாரெஸ் என்ற எழுத்தாளர், பழைய ரோமின் வீதியை மனதில் வைத்துச் சூட்டியது. எழுத்தாளருக்குப் புனிதம் தெரிந்திருக்கிறது. மண்வெட்டிக்காரருக்குக் குழி தெரிந்திருக்கும். ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது. ரோடு நெடுக மைல்கல் நட்டு, ஒவ்வொன்றின் தலையிலும் சிப்பாயின் இரும்புத்தொப்பியை வார்த்து வைத்தார்கள். 2006இல் சாலை மாவட்ட நிர்வாகத்துக்கு மாறியபோது, அதற்குக் கொடுத்த எண் 1916.

வெர்டனுக்குச் சற்று முன்னால் மூலேன்-ப்ரூலே என்ற இடம். அதற்கு மேல் பெரும்பாலும் லாரி போகாது. சிப்பாய்கள் அங்கே இறங்கி, மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, முனையை நோக்கி நடப்பார்கள். போக்குவரத்துப் படைக்கு அங்கே நினைவுச்சின்னம் எழுப்பியது 1967இல். அதாவது லாரிக்காரனுக்கு 51 வருஷம் கழித்து. அன்றைக்கு அந்த இடத்தில் டிரைவர் செய்ததெல்லாம் ஒன்றுதான். வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு, திரும்பக் கொண்டுபோக வேண்டியவர்கள் நடந்து வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.