மடிக்கணினிக்கு ஒரு வாய்

நேயர்களுக்கு வணக்கம்.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்கள் இதை மறந்திருக்கமாட்டீர்கள். ஊருக்குக் கரண்ட் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். பழைய பற்றரியை வெயிலில் காயவைத்து, உப்புத் தண்ணீர் விட்டு, இன்னும் அரை மணித்தியாலம் உயிரோடு வைத்திருக்கப் பார்ப்போம். அதுவும் கைவிட்ட பிறகு சைக்கிள்தான். சைக்கிளை முற்றத்தில் கவிழ்த்து வைத்து, பின்சில்லில் டைனமோவைச் சாய்த்து, பெடலைக் கையால் சுற்ற வேண்டும். டைனமோ தருவது ஆறு வோல்ற், அதுவும் திசை மாறி மாறி ஓடும் ஆடலோட்ட மின்சாரம். நாலு டயோட்டும் ஒரு கொன்டென்சரும் போட்டால் றேடியோவுக்கு ஏற்றதாகிவிடும். லண்டனிலிருந்து தமிழோசை, மணிலாவிலிருந்து வேரித்தாஸ். சுற்றுகிறவருக்குக் கை உளைந்து வேகம் குறைந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் கம்மிப் போகும். 'சுத்து, சுத்து' என்று எல்லாரும் ஒருமிக்கக் கத்துவோம்.

அந்த டயோட்டுகளைப் பிடித்துக் கொடுத்துத்தான் நான் றேடியோ திருத்தும் தொழிலுக்குள் வந்தேன். இன்றைக்கும் என் மேசையில் ஈயம் பிடிக்கும் அயன் சூடாகத்தான் இருக்கிறது. அந்த மேசையிலிருந்து பிறந்த ஒரு யோசனையைத்தான் உங்களிடம் கொண்டுவந்திருக்கிறேன். மழைக்கும் தூசிக்கும் விழுதலுக்கும் தாங்குகிற முரட்டு மடிக்கணினிகள் இருக்கின்றன அல்லவா, அவற்றுக்குள் ஒரு சின்ன எப்.எம். ஒலிபரப்பியையும் சேர்த்தே செய்துவிட வேண்டும்.

ஏன் என்று கேட்டால், 2008ஆம் ஆண்டு நவம்பர் மாதக் கடைசியைச் சொல்வேன். நிஷா புயலின் மழை. எங்கள் பகுதி வெள்ளத்துக்குள் போய்விட, நாங்கள் ஒரு பாடசாலையில் ஒதுங்கியிருந்தோம். ஒலிபெருக்கிக்கு வைத்திருந்த கார் பற்றரி இரண்டாம் நாளே இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு எந்தத் தகவலையும் ஒரு பொடியன் தண்ணீருக்குள்ளால் நடந்து போய் வகுப்பு வகுப்பாகச் சொல்ல வேண்டும். கொதித்தாறிய தண்ணீர் எந்தப் பக்கம், மருந்து எத்தனை மணிக்கு, எந்தக் கிணற்றில் அள்ளக்கூடாது, எல்லாமே அப்படித்தான். கடைசி வகுப்பறையில் ஒரு தாய் கைக்குழந்தையோடு இருந்தா. பால்மா பகிர்ந்து முடிந்து வெகு நேரத்துக்குப் பிறகுதான் அவவுக்கு விசயம் தெரிந்தது. அவவின் பக்கத்தில் பாயில் ஒரு சின்ன றேடியோ பாடிக்கொண்டிருந்தது. தெளிவான சத்தம். நூறு மீற்றர் தள்ளிப் பால்மா கொடுக்கிறார்கள் என்பதை அந்த றேடியோவில் சொல்ல ஒருவரும் இல்லை.

அந்தக் காட்சி என் மனதை விட்டுப் போகவில்லை. வீட்டுக்கு வீடு காது இருந்தது, ஊருக்கு வாய்தான் இல்லை.

இன்று எல்லோரிடமும் போன் இருக்கிறதே என்பீர்கள். சரிதான். ஆனால் கரண்ட் நின்றால் போன் கோபுரம் தன் பற்றரியில்தான் நிற்கிறது. அது இறங்கினால் கோபுரமும் நிற்கும். பெருந்தொற்றுக் காலத்தில் பாடசாலைகள் பூட்டப்பட்டபோது இன்னொன்றையும் பார்த்தோம். ஆசிரியர் வாட்ஸப்பில் பாடம் அனுப்புவார், வீட்டில் இருக்கும் ஒரே போன் தகப்பனோடு வேலைக்குப் போயிருக்கும். அந்த ஆசிரியரின் வீட்டுக்கும் பிள்ளையின் வீட்டுக்கும் இடையில் மூன்று ஒழுங்கை. குரல் போய்ச் சேர அது ஒரு தூரமா?

எப்.எம். அலைக்குப் போன் இலக்கம் தேவையில்லை, டேற்றா தேவையில்லை, கடவுச்சொல் தேவையில்லை. பத்துப் பேர் கேட்டாலும் ஆயிரம் பேர் கேட்டாலும் அனுப்புகிறவருக்குச் செலவு ஒன்றே. ஒரு கணினிக்குள் இருப்பதை ஊருக்கே கேட்கச் செய்யலாம் என்பதற்கு எங்கள் நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. கொத்மலை சமூக வானொலியில், 1990களின் இறுதியில், யுனெஸ்கோவின் ஆதரவோடு இதைச் செய்தார்கள். கிராமத்தவர்கள் தங்கள் கேள்வியை அனுப்புவார்கள். அறிவிப்பாளர் இணையத்தில் தேடி, கிடைத்ததைத் தங்கள் மொழியில் ஒலிபரப்பில் விளக்குவார். இணைய இணைப்பு நிலையத்தில் மட்டும், பயன் மலைநாட்டின் பல வீடுகளில். என் யோசனைக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. நான் கேட்பதெல்லாம், அந்த நிலையம் ஒரு கையில் தூக்கிப் போகிற அளவுக்குச் சுருங்க வேண்டும் என்பதுதான்.

பிள்ளைகளுக்கென்று வந்த அந்தப் பச்சை வெள்ளை மடிக்கணினி சிலருக்கு நினைவிருக்கும். நூறு டொலர் மடிக்கணினி என்று பெயரெடுத்து, 2007இல் உற்பத்திக்கு வந்தபோது இருநூறு டொலரை நெருங்கிவிட்டது. முயல் காது மாதிரி மேலே எழும் இரண்டு அன்ரெனாக்கள் அதற்கு. ஒரு கணினி பக்கத்துக் கணினியோடு வைஃபை வழியாகப் பேசும். நல்ல வேலைதான். ஆனால் அந்தப் பேச்சைக் கேட்க ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு கணினி இருக்க வேண்டும். எப்.எம். இருந்திருந்தால் ஆசிரியரிடம் ஒன்று, பிள்ளைகளிடம் வீட்டு றேடியோ, அதுவே போதுமாக இருந்திருக்கும்.

சரி, இதைச் செய்வது எப்படி? இரண்டு வருடத்துக்கு முன் நானே ஒன்றைப் பரீட்சித்துப் பார்த்தேன். பழைய முரட்டு மடிக்கணினி ஒன்று கைக்கு வந்தது, மக்னீசியம் கலப்பு உலோக உடம்பு, பின்னால் தூக்குவதற்குக் கைப்பிடி. பனசொனிக் நிறுவனம் 1996இலிருந்து டஃப்புக் என்ற பெயரில் செய்துவருகிற வகை. காருக்குள் பாட்டுக் கேட்பதற்கு விற்கிறார்களே, அந்தச் சின்ன எப்.எம். பரப்பியைக் கணினியின் யூ.எஸ்.பி.யில் மின்சாரத்துக்காகச் செருகி, இயர்போன் துளையிலிருந்து ஒலிக்கு ஒரு வயர் இழுத்தேன். அடுத்த அறையில் றேடியோவைத் திருப்பினால் என் குரல் வருகிறது, அதோடு ஒரு நுளம்பின் ரீங்காரமும் சேர்ந்து வருகிறது. மவுஸை அசைத்தால் ரீங்காரம் ஏறுகிறது, விட்டால் இறங்குகிறது. சாஜரைச் செருகினால் இன்னொரு உறுமல்.

காரணம், மின்சாரமும் ஒலியும் இரண்டு வயரில் போய் ஒரே பரப்பியில் சந்திக்கின்றன. இரண்டுக்கும் பூமி (எர்த்) வயர் உண்டு, அவை சேர்ந்து ஒரு வளையமாகிவிடும். அந்த வளையத்துக்குள்ளால் கணினியின் உள்வேலைச் சத்தம் முழுக்க ஒலியில் ஏறிவிடுகிறது. வெளியில் ஒட்டவைக்காமல் உள்ளேயே சேர்க்க வேண்டும் என்று நான் நிற்பதற்கு முதல் காரணம் இதுதான். தாய்ப்பலகையிலேயே பரப்பிச் சிப் இருந்தால், ஒலி கடைசிவரை டிஜிற்றலாகவே, வெறும் எண்களாகவே போய்ச் சிப்புக்குள் அலையாக மாறும். நுளம்பு நுழைய இடைவெளி இல்லை.

அப்படிப்பட்ட சிப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய ஒன்றும் இல்லை. சிலிக்கன் லாப்ஸ் நிறுவனத்தின் 4713 என்ற ஐசி மூன்று மில்லிமீற்றருக்கு மூன்று மில்லிமீற்றர், ஒரு உளுந்தம் பருப்பு அளவு. 76இலிருந்து 108 மெகாஹேர்ட்ஸ் வரை அனுப்பும். லினக்ஸ் இயங்குதளத்தில் அதை இயக்கும் மென்பொருள், டிரைவர், ஏற்கனவே இருக்கிறது. நொக்கியாவின் என்900 போன் 2009இல் எப்.எம். பரப்பியோடு வந்ததே, பலர் அதில் கார் றேடியோவுக்குப் பாட்டு அனுப்பினார்கள். இந்தச் சிப்பில் எனக்கு மிகவும் பிடித்தது, அனுப்புவதற்கு முன் அலைவரிசைகளை அளந்து எந்த இடம் வெறுமையாக இருக்கிறது என்று அதுவே சொல்லும் வசதி. யாழ்ப்பாணத்துக்கு இது அவசியம். இங்கே கொழும்பு நிலையங்களும் உள்ளூர் நிலையங்களும் நெருக்கியிருக்க, கடல் கடந்து காரைக்கால் வானொலியும் வந்து கேட்கும். யாராவது பேசுகிறார்களா என்று பார்த்துவிட்டு வாய் திறக்கிற ஒலிபரப்பிதான் எங்களுக்கு வேண்டும்.

இனி அன்ரெனா. இங்கேதான் எனக்கு அதிக நாள் போனது. நூறு மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் மூன்று மீற்றர். அதில் கால்வாசி, 75 சென்றிமீற்றர், அன்ரெனாவுக்கு நல்ல அளவு. மடிக்கணினியின் அகலமோ முப்பது சென்றிமீற்றர். போதாததற்கு உடம்பு முழுக்க உலோகம். உள்ளே வைத்த அன்ரெனாவின் அலை பெட்டிக்குள்ளேயே அடைபட்டுவிடும். பல நாள் இதை நினைத்துச் சோர்ந்திருந்தேன். ஒருநாள் கடைக்கு வந்த பழைய றான்சிஸ்ரர் றேடியோ ஒன்றின் கம்பி அன்ரெனாவை இழுத்து நீட்டும்போது மூளையில் பொறி தட்டியது. மடிக்கணினிக்குக் கைப்பிடி இருக்கிறது. கைப்பிடி குழாய் மாதிரி இருந்தால் அதற்குள் இந்தக் கம்பி மடங்கிப் படுத்துக்கொள்ளும். தேவைப்படும்போது இழுத்து நிமிர்த்தலாம். அப்போது, இவ்வளவு நாளும் எதிரி என்று நான் நினைத்த உலோக உடம்பு கம்பிக்குக் கீழே பூமித் தளமாகி, அன்ரெனாவின் மற்றப் பாதியாக நின்று உதவி செய்கிறது. இயர்போன் துளை வயரைக் கழற்றிவிட்டு, அப்படி ஒரு கம்பியை, சிப்பை ஏற்றிய ஒரு பரீட்சைப் பலகையோடு பொருத்திப் பார்த்தேன். முன்பு அடுத்த அறையோடு நின்ற சத்தம் முற்றத்து மாமரம் வரை இரைச்சலில்லாமல் வந்தது.

எவ்வளவு தூரம் போகும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஐரோப்பாவில் உரிமம் இல்லாமல் அனுமதிக்கிற அளவு 50 நானோவாற்று. ஒரு வாற்றை இரண்டு கோடிப் பங்காக வெட்டினால் அதில் ஒரு பங்கு. அது ஒரு வகுப்பறைக்குக் காணும். 100 மில்லிவாற்று இருந்து, அன்ரெனா ஒரு தண்ணீர்த் தாங்கியின் உயரத்தில் இருந்தால், ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரத்துக்கு நல்ல றேடியோவில் கேட்கலாம். இந்த மண் மேடில்லாத மண். மலை மறைக்காத இடத்தில் எப்.எம். அலைக்குப் பலத்தைவிட உயரம் கூடுதலாகக் கைகொடுக்கும். எண்பதுகளில் தூரதர்ஷன் பார்ப்பதற்காகக் கூரைக்கு மேல் குழாயை உயர்த்தி உயர்த்திக் கட்டிய எங்கள் ஆட்களுக்கு இதை நான் படிப்பிக்கத் தேவையில்லை.

ஆகவே நான் கேட்பது இரண்டு நிலை. சாதாரண நாளில் நானோவாற்று, வகுப்பறைக்கும் வாசிகசாலைக்கும். பெருவெள்ளம், புயல் என்று வந்தால், உரிமம் பெற்றவர் தன் சாவியைப் போட்டுத் திறக்கிற 100 மில்லிவாற்று. அந்தச் சாவி பிரதேச செயலகத்திலோ பாடசாலை அதிபரிடமோ இருக்கட்டும்.

சட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பிழை. இலங்கையில் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ், அலைவரிசையில் அனுப்புவதற்கு தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். பொடியங்கள் சிலர் ஒரு றான்சிஸ்ரரும் ஒரு சுருளும் வைத்து வீட்டில் எப்.எம். பரப்பி செய்கிறார்கள். அவர்களின் ஆர்வம் எனக்குப் பிடிக்கும், நானும் அப்படித் தொடங்கியவன்தான். ஆனால் தம்பிமார், தங்கைமார், கொஞ்சம் கேளுங்கள். அந்தச் சுருளுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனாலே அலைவரிசை ஓடும். எப்.எம். 108இல் முடிகிறது, அதற்கு மேல் தொடங்குவது விமானங்களின் பட்டை. பலாலியில் விமானம் இறங்குகிற ஊர் இது. படிகத்தின் துடிப்போடு பூட்டிய சிப் தன் அலைவரிசையை விட்டு நகராது, அதனால்தான் முறையாகச் செய்த பலகையைக் கேட்கிறேன்.

இலங்கையில் வானொலி தொடங்கிய விதத்தையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன். தந்தித் திணைக்களத்துப் பொறியியலாளர் எட்வேர்ட் ஹாப்பர், 1920களின் தொடக்கத்தில், கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிக் கருவிப் பாகங்களை வைத்துத்தான் கொழும்பில் பரீட்சார்த்த ஒலிபரப்பைச் செய்தார். 1925 டிசம்பரில் கொழும்பு வானொலி முறைப்படி ஆரம்பமானது. போருக்குச் செய்த பொருளைக் கழற்றிப் பாட்டுக் கேட்க வைத்த நாடு இது. முரட்டு மடிக்கணினியும் பெரும்பாலும் படைகளையும் களப்பணியையும் நினைத்துத்தான் வடிவமைக்கப்படுகிறது. அதை ஒரு வாசிகசாலை மேசையில் பேச வைப்பது எங்களால் முடியாத காரியமா?

இப்போது வேலை எங்கே நிற்கிறது என்றால், எங்கள் சனசமூக நிலையத்தின் பெயரில் பரீட்சார்த்த அனுமதிக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறோம். பலகை வரைந்தாகிவிட்டது. கம்பி அன்ரெனாதான் போதவில்லை. சந்தையில் கிடைக்கிற புதிய கம்பி மெல்லிசு, இரண்டு முறை இழுத்தால் மூட்டு ஆட்டம் காண்கிறது. பழைய றான்சிஸ்ரர் றேடியோக்களில் வந்த பித்தளைக் கம்பிக்கு நிகர் இல்லை. உங்கள் பரணில், அரிசிப் பெட்டிக்குப் பின்னால், தாத்தாவின் றேடியோ பாடாமல் கிடக்கலாம். கம்பி வளையாமல், ஏழு அடுக்கும் சரியாக நீண்டு மடங்குமானால், எறிந்துவிடாதீர்கள், இந்த வானொலி நிலையத்தின் முகவரிக்கு ஒரு கடிதம் போடுங்கள். வந்து பார்த்து, கம்பியை மட்டும் கவனமாகக் கழற்றிக்கொண்டு, றேடியோவையும் பாட வைத்துத் தந்துவிட்டு வருவேன்.

நன்றி, வணக்கம்.