கை முதலில், பேச்சு அப்புறம்

நேயர்களுக்கு வணக்கம்.

விடுமுறை நாளில் குடும்பத்தோடு அறிவியல் அருங்காட்சியகத்துக்குப் போவது பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதை எட்டிப் பார்த்துவிட்டு நகர்கிற இடத்தைப் பற்றி அல்ல; பொத்தானை அழுத்தி, கைப்பிடியைச் சுற்றி, கயிற்றை இழுத்து நாமே இயக்கிப் பார்க்கிற இடத்தைப் பற்றி. நான் இயற்பியல் வாத்தியாராக இருந்தவன். மாணவர்களோடும் பிறகு பேரப்பிள்ளைகளோடும் இப்படிப்பட்ட கூடங்களில் நிறைய நேரம் நின்றிருக்கிறேன். போகப்போக, அங்கே வைத்திருக்கும் கருவிகளைவிட அவற்றின் முன்னால் நிற்கிற குடும்பங்களைக் கவனிப்பதில்தான் எனக்கு ருசி அதிகமாயிற்று.

பெரும்பாலும் நடப்பது இதுதான். பிள்ளை ஓடிப்போய் எதையோ சுற்றும். அப்பா பின்னாலேயே போய்ப் பலகையில் எழுதியிருப்பதைச் சத்தமாகப் படிப்பார். அவர் படித்து முடிப்பதற்குள் பிள்ளை அடுத்த கருவிக்குத் தாவியிருக்கும். "நில்லுடா, இது என்னன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போ" என்று ஒரு அதட்டல். அம்மா கடிகாரத்தைப் பார்த்து, "இன்னும் மாடி முழுக்கப் பாக்கி இருக்கு" என்பார். மத்தியானத்துக்குள் எல்லோருக்கும் கால் வலி, கொஞ்சம் மன வலியும். இந்தக் களைப்பு புதியதல்ல. 1916-லேயே பெஞ்சமின் இவ்ஸ் கில்மன் என்பவர் 'அருங்காட்சியகக் களைப்பு' பற்றி ஒரு கட்டுரை எழுதினார். காட்சிப் பெட்டிகளைச் சரியாகப் பார்க்க ஒரு மனிதர் எப்படியெல்லாம் குனிந்து வளைய வேண்டியிருக்கிறது என்று புகைப்படம் எடுத்தே காட்டினார்.

அதனால் முழுவதையும் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணத்தை வாசலிலேயே விட்டுவிடுங்கள். நாலைந்து கருவிகளில் நன்றாக ஊறினால் போதும். எந்த நாலைந்து என்பதைப் பிள்ளையின் கால்கள் முடிவு செய்யட்டும்.

எனக்குப் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு வெள்ளைச் சுவர். அதன்மேல் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று விளக்குகள் ஒரே இடத்தில் விழும். மூன்றும் கலப்பதால் சுவர் வெள்ளையாகவே தெரியும். குழந்தைக்கு அங்கே ஒன்றும் இருப்பதாகத் தோன்றாது. விளக்குகளுக்கும் சுவருக்கும் நடுவே போய் நின்றால்தான் வேடிக்கை. கறுப்பு நிழல் விழும் என்று எதிர்பார்த்த இடத்தில் மஞ்சள், இளஞ்சிவப்பு, நீலப்பச்சை என்று நிழல்கள் விழும். நீங்கள் சிவப்பு விளக்கை மறைத்த இடத்தில் பச்சையும் நீலமும் மட்டும் சேர்வதால் அங்கே நீலப்பச்சை. நீல விளக்கை மறைத்த இடத்தில் மஞ்சள். சுவரை ஒட்டி நின்றால் நிழல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, மூன்று விளக்கும் மறைகிற நடுப்பகுதியில் மட்டும் கறுப்பு. சுவரைவிட்டு விலக விலக ஒவ்வொன்றாகப் பிரியும். இதைப் பலகையில் படித்தால் அரை நிமிடம். ஆனால் பிள்ளை முதலில் ஆடும், கையை நீட்டும், விரல்களை விரிக்கும். நெடுநேரம் கழித்து, "என் நிழல் ஏன் கறுப்பா இல்லை?" என்று கேட்கும். அந்தக் கேள்வி வந்த பிறகு பேசுங்கள். அப்போதும் பாடம் நடத்த வேண்டாம். "சிவப்பு விளக்கை மட்டும் உன் கையால் மறை, பார்க்கலாம்" என்றால் போதும்.

இந்த வழியைப் பெரிதாக வளர்த்தவர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர். அமெரிக்காவின் அணுகுண்டை உருவாக்கிய ஆய்வகத்துக்குத் தலைமை தாங்கிய ராபர்ட் ஓப்பன்ஹைமரின் தம்பி, தானும் இயற்பியலாளர். முன்பு கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்ததற்காக 1949-ல் பல்கலைக்கழக வேலையை இழந்தார். கொலராடோவில் மாடு வளர்த்தார், பிறகு அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தார். 1969-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் எக்ஸ்ப்ளோரடோரியம் என்ற, தொட்டு இயக்கிப் பார்க்கிற அறிவியல் அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். அருங்காட்சியகத்தில் யாரும் ஃபெயில் ஆனதில்லை என்பது அவர் சொன்னது. பரீட்சைத் தாள் திருத்தியே காலம் கழித்த எனக்கு அது கொஞ்சம் உறைத்தது.

'பேசாமல் இருங்கள்' என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2001-ல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. கலிஃபோர்னியாவில் ஒரு குழந்தைகள் அருங்காட்சியகத்தில், குடும்பங்கள் கருவிகளை இயக்குவதை வீடியோ எடுத்து ஆராய்ந்தார்கள். எப்படி இயக்குவது என்பதை மகனுக்கும் மகளுக்கும் பெற்றோர் ஏறக்குறைய ஒரே அளவில்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால், ஏன் அப்படி நடக்கிறது என்ற விளக்கம் மட்டும் ஆண் பிள்ளைகளுக்கு மூன்று மடங்கு அதிகமாகக் கிடைத்திருக்கிறது. வேண்டுமென்று யாரும் செய்திருக்க மாட்டார்கள்; அதுதான் இதில் சங்கடமான விஷயம். மகளோடு போகிறவர்கள் அவளைப் படம் பிடிக்கிற நேரத்தில் பாதியை அந்த 'ஏன்' பக்கம் திருப்பிவிடலாம்.

வீட்டில் எல்லா வயதுக்காரர்களும் இருப்பார்கள். சின்னக் குழந்தைக்கு ஒரே கைப்பிடியைத் திரும்பத் திரும்பச் சுற்றுவதே போதும், இழுத்துக்கொண்டு போகாதீர்கள். பதின்வயதுப் பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்கும். அதைக் கயிறும் கப்பியும் கட்டித் தொங்கவிட்ட நாற்காலியில் உட்கார வைத்து, தன் எடையைத் தானே தூக்கச் சொல்லுங்கள். பாரத்தை நான்கு கயிறுகள் தாங்கும்படி இருந்தால் விசை சுமார் கால் பங்கு போதும். ஆனால் நான்கு மடங்கு நீளத்துக்குக் கயிற்றை இழுக்க வேண்டும். இலவசமாக எதுவும் கிடைக்காது என்பது தோளுக்குத் தெரிந்துவிடும். தாத்தா பாட்டிக்கு ஃபூக்கோ ஊசல் அருகில் ஓர் இருக்கை பாருங்கள். 1851-ல் பாரிஸின் பாந்தியோன் கட்டடத்தில் லியோன் ஃபூக்கோ 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டைத் தொங்கவிட்டு, பூமி சுழல்வதை எல்லோரும் காணும்படி செய்தார். ஊசல் ஆடும் திசை துருவத்தில் சுமார் ஒரு நாளில் ஒரு முழுச் சுற்று திரும்பும். 30 டிகிரி அட்சரேகையில் சுமார் இரண்டு நாள். பூமத்திய ரேகையில் திரும்பவே திரும்பாது. திசை மாறிக்கொண்டே வரும் ஊசல், சுற்றிலும் வட்டமாக நிறுத்தியிருக்கும் குச்சிகளில் அடுத்ததை எப்போது தட்டிவிடும் என்று காத்திருப்பது பெரியவர்களுக்கான விளையாட்டு. பொறுமை அவர்களிடம்தானே இருக்கிறது!

சில நடைமுறை விஷயங்கள். கதவு திறந்தவுடன் போய்விடுங்கள். கூட்டம் சேர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் வரிசை. செய்முறைக் காட்சிகளின் நேரத்தை நுழையும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மயிர் குத்திட்டு நிற்க வைக்கிற மின்னேற்றக் கருவிகள், பெரிய காந்தங்கள் ஆகியவற்றிடமிருந்து இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் விலகியே இருக்க வேண்டும். சில கருவிகளில் 'பழுது' அட்டை தொங்கும். எல்லோரும் தொடுகிற இடத்தில் அது இயல்பு. அதற்காக நாளைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

வீடு திரும்பியதும் பிள்ளை எதையாவது தொடர விரும்பினால், சுழலும் நாற்காலி ஒன்று போதும். இரண்டு கையிலும் தண்ணீர் நிரம்பிய பாட்டிலைக் கொடுத்து, கைகளை விரித்து உட்கார வைத்து, மெதுவாகச் சுற்றிவிடுங்கள். கைகளை மார்போடு சேர்த்தால் வேகம் கூடும், விரித்தால் குறையும். பாட்டில்களின் மூடியை இறுக்குங்கள், பக்கத்தில் மேசை எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தலை சுற்றினால் உடனே நிறுத்திவிட வேண்டும். சரி, நேரம் முடிந்தது என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். வணக்கம்.