கடுகு சிறுத்தாலும்…

மேடையில் வீற்றிருக்கும் தலைமை ஆசிரியர் அம்மா அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அண்ணன் அவர்களே, பந்தல் செலவை ஏற்றுக்கொண்டு ஓரமாகவே நிற்கும் வார்டு உறுப்பினர் அவர்களே, உங்களையும் வணங்குகிறேன், தயவுசெய்து உட்காருங்கள். பொன்னாடைக்கு நன்றி. அது என்னைவிட நீளமாக இருக்கிறது.

அதனால்தான் ஷேன் வில்லியம்ஸ் கதையைச் சொல்ல வந்தேன். வேல்ஸ் நாட்டு ரக்பி வீரர். அவர் உயரம், அவர் ஓட்டம், கடைசியாக ஜப்பானில் ஆடிய காலம் என்று மூன்று செய்திகள் சொல்கிறேன்.

உயரம் 170 சென்டிமீட்டர்தான். ரக்பியில் ஆளை ஆள் இடுப்பில் கட்டித் தரையில் சாய்ப்பார்கள். நூறு கிலோ ஆட்கள் மோதும் களத்தில் இவர் பொடியன். கடுகு சிறுத்தாலும் காரம் குறையுமா?

வளர்ந்தது நிலக்கரிக்குப் பேர்போன அம்மன் பள்ளத்தாக்கில். ஆற்றின் பெயர் அம்மன்! சிரிக்காதீர்கள், நம்ம மாரியம்மனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 2000இல் வேல்ஸ் அணிக்குள் வந்தார். அப்புறம் ஓரங்கட்டப்பட்டார்.

2003, ஆஸ்திரேலியாவில் உலகக் கோப்பை. ஆள் போதாமல் போனால், முட்டிமோதும் கூட்டத்துக்குள்ளிருந்து பந்தை எடுத்துக் கொடுக்கும் ஸ்க்ரம் ஹாஃப் இடத்திலும் நிற்பான் என்று கூட்டிப் போனார்கள். கல்யாண வீட்டுக்குப் பந்தி பரிமாற ஒரு ஆளைக் கூட்டிப் போவது மாதிரி! முதல் மூன்று ஆட்டங்களில் களம் கிடைக்கவில்லை. நான்காவது ஆட்டம் சிட்னியில், நியூசிலாந்துடன். காலிறுதி உறுதியாகிவிட்டதால் பயிற்சியாளர் ஸ்டீவ் ஹான்சன் முக்கியமானவர்கள் பலருக்கு ஓய்வு கொடுத்தார். சரி, நீ போ என்றார்கள். போனவர் எதிராளிகளைத் திணறடித்தார், எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதித்து ஒரு ட்ரையும் போட்டார். இரண்டாம் பாதியில் வேல்ஸ் 37-33 என்று முன்னால் நின்றது! கடைசியில் 53-37 என்று தோற்றார்கள்தான். ஆனால் அடுத்து இங்கிலாந்துடனான காலிறுதியில் பந்தி பரிமாற வந்தவரை இலையிலேயே உட்காரவைத்தார்கள். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது, ஐயா!

வேல்ஸுக்காக 87 ஆட்டம், 58 ட்ரை. அந்நாட்டில் வேறு யாரும் அத்தனை போட்டதில்லை. 2005, 2008 இரண்டு கிராண்ட் ஸ்லாம், அதாவது ஆறு நாடுகள் போட்டியில் எல்லா ஆட்டத்திலும் வெற்றி. 2008இல் உலகின் சிறந்த வீரர். 2011 டிசம்பரில் கார்டிஃபில் ஆஸ்திரேலியாவுடன் விடைபெற்ற ஆட்டத்தில், கடைசி நிமிடத்தில்கூட ஒரு ட்ரை.

ஓட்டத்தைப் பற்றிச் சொல்வதற்குள் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஜப்பானும் இருக்கட்டும். வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என்னை ஒரு பள்ளியில் கபடி அணிக்குச் சேர்க்கவில்லை. சுவரில் கரிக்கோடு போட்டிருந்தார்கள். தலை எட்டவில்லை, வீட்டுக்குப் போ. நாற்பது வருடமாகிறது, அந்தக் கோடு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அடுத்த வாரம் இங்கே அணித் தேர்வு. உயரம் அளப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள் சார், முதலில் ஒரு பத்து நிமிடம் ஆடவிடுங்கள். அதோ மூன்றாவது வரிசையில், முன்னால் இருப்பவன் மறைப்பதால் எழுந்து நிற்கும் அந்தப் பையனையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

மைக்கைத் தலைவரிடம் கொடுக்கிறேன். அவருக்கேற்ற உயரத்துக்கு யாராவது ஏற்றிவிடுங்கள். நன்றி, வணக்கம்.