பட்டியல் சொல்லாததைப் பெரியம்மா சொன்னார்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

'பார்க்கத் தகுந்த இணையத் தொடரைக் காட்டித் தருவது முதல் பத்துப் பட்டியலா, பார்த்தவர் வாய்ச்சொல்லா?' என்பது தலைப்பு. வாய்ச்சொல்லே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர், "ஒருவர் சொல்வது அவருடைய ரசனை, பட்டியல்தான் லட்சக்கணக்கானோரின் தீர்ப்பு" என்றார். தீர்ப்பு என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது.

அந்தப் பட்டியல் எப்படித் தயாராகிறது? 2020 தொடக்கத்தில் நெட்பிளிக்ஸ் நிறுவனமே வெளியிட்ட விளக்கம் இது: ஒரு தொடரை 2 நிமிடம் ஓடவிட்டால் போதும், அந்த வீட்டில் அதைப் பார்த்ததாகக் கணக்கு. இரண்டு நிமிடத்தில் அடுப்பில் வைத்த பால்கூடக் காயாது, நடுவர் அவர்களே! பிறகு முறையை மாற்றினார்கள். 2023 நடுப்பகுதியிலிருந்து, எல்லோரும் பார்த்த மொத்த மணி நேரத்தைத் தொடரின் நீளத்தால் வகுத்து, வரும் எண்ணைப் 'பார்வைகள்' என்கிறார்கள். முன்னதைவிட நல்ல முறைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எட்டு மணி நேரத் தொடர் ஒன்றை எட்டுப் பேர் ஆளுக்கு ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுப் பிடிக்காமல் எழுந்துபோனால், கணக்கில் அது ஒரு பார்வை. ஒரே ஒருவர் இரவு முழுக்க விழித்திருந்து கடைசிக் காட்சிவரை பார்த்தாலும் ஒரு பார்வை. வெறுத்துப் போன எட்டுப் பேரும் விரும்பிப் பார்த்த ஒருவரும் அங்கே சமம். இதையா தீர்ப்பு என்கிறீர்கள்?

மதிப்பெண்களையும் எதிரணியினர் துணைக்கு அழைத்தார்கள். விமர்சனங்களைத் திரட்டித் தரும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் 95 விழுக்காடு என்றால், நூறு விமர்சகர்களில் 95 பேர் சாதகமாக எழுதினார்கள் என்றுதான் பொருள். அவர்கள் உருகி எழுதினார்களா, 'பார்க்கலாம்' என்று முடித்துக்கொண்டார்களா என்பதை அந்த விழுக்காடு சொல்லாது.

'தி வயர்' என்ற அமெரிக்கத் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 2002 முதல் 2008 வரை எச்பிஓ தொலைக்காட்சியில் வந்தது. பால்டிமோர் நகரத்தின் போதைச் சந்தை, துறைமுகம், நகராட்சி, பள்ளிக்கூடம், நாளிதழ் என்று பருவத்துக்கு ஒரு வாசலாகத் திறந்து காட்டிய தொடர். மொத்தம் 60 அத்தியாயங்கள். ஒளிபரப்பான காலத்தில் பார்த்தவர்கள் குறைவு. அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அன்றைய பட்டியலை நம்பியிருந்தால் அது காணாமலே போயிருக்கும். பார்த்தவர்கள் விடவில்லை. டிவிடியைக் கைமாற்றினார்கள், "முதல் சில அத்தியாயங்கள் பொறுத்துக்கொள், பிறகு உன்னால் எழுந்திருக்க முடியாது" என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். இன்று உலகின் தலைசிறந்த தொடர்களுள் ஒன்றாக அதைப் பேசுகிறோம். பொறுத்துக்கொள் என்று சொல்ல ஒரு மனிதர் வேண்டும் ஐயா!

என் வீட்டுக்கு வருகிறேன். 2022இல் 'சுழல்' பார்த்தேன், அடுத்து 'வதந்தி' பார்த்தேன். இரண்டும் குற்றத்தைத் துப்பறியும் தமிழ்த் தொடர்கள், எனக்குப் பிடித்தவை. அதன்பிறகு என் செயலியைத் திறந்தாலே காணாமல் போன பெண், கழுத்தறுபட்ட உடல், விசாரிக்கும் அதிகாரி. வேறெதையும் அது என் கண்ணில் காட்டவில்லை. நேற்று சாம்பார் கேட்டவளுக்கு ஆயுள் முழுவதும் சாம்பாரே ஊற்றுவேன் என்று நிற்கிறது!

அப்போதுதான் பெரியம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். "கொலைக்கதையை ஒரு வாரம் நிறுத்திவை. உன் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து 'அயலி' பார்" என்றார். 2023 ஜனவரியில் ஜீ5 தளத்தில் வந்த, முத்துக்குமார் இயக்கிய எட்டு அத்தியாயத் தொடர். 1990ஆம் ஆண்டில், புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம். பெண் பிள்ளை வயதுக்கு வந்தால் படிப்பை நிறுத்தித் திருமணம் செய்துவைக்கிற ஊரில், மருத்துவராக ஆசைப்படும் தமிழ்ச்செல்வி தான் வயதுக்கு வந்ததையே மறைத்துக்கொண்டு பள்ளிக்குப் போகிறாள்.

நான் வழக்கமாகப் பார்த்த தளம் வேறு. தன் கடையில் இல்லாத சரக்கை எந்தக் கடைக்காரர் பட்டியலில் எழுதிவைப்பார்? எழுதியிருந்தாலும் அதை ஏன் நான் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியுமா? பெரியம்மாவுக்குத் தெரியும். எட்டாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர் அவர். என் மகள் அப்போது எட்டாம் வகுப்பில் இருந்தாள். இரண்டாவது அத்தியாயம் முடிந்ததும் அவளே பெரியம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, "உங்களை யார் பாட்டி நிறுத்தினார்கள்?" என்று கேட்டாள். அன்று அவர்கள் இருவரும் முக்கால் மணி நேரம் பேசினார்கள்.

சொந்தக்காரரின் ரசனை நமக்கு ஒத்துவராதே என்பார்கள். ஒத்துவர வேண்டியதில்லை. என் தம்பி புகழ்ந்தால் அதில் சண்டைக்காட்சிக்காகப் பாதியைக் கழித்துவிடுவேன்; அத்தனை வருடம் அவனோடு வளர்ந்திருக்கிறேன். சந்தேகம் இருந்தால் திருப்பிக் கேட்பேன்: அம்மாவோடு உட்கார்ந்து பார்க்கலாமா? முடிவு ஏமாற்றுமா? அவன் தவறாகச் சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் அவனைப் பிடித்துக்கொள்ளவும் முடியும். முதலிடத்தில் இருந்த தொடர் என் பத்து மணி நேரத்தைத் தின்றுவிட்டால் நான் யாரைப் போய்ப் பிடிப்பேன்?

போன வாரம் அலுவலகத்தில் தோழி ஒருவர், "ஏதாவது நல்ல தொடர் சொல்லுங்கள் அக்கா" என்றார். "வீட்டில் யாரோடு உட்கார்ந்து பார்ப்பாய்?" என்று கேட்ட பிறகுதான் பெயர் சொன்னேன். இந்தக் கேள்வியை எந்தப் பட்டியலாவது எதிரணி நண்பர்களிடம் கேட்டிருக்கிறதா என்று தாங்களே கேளுங்கள் நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.